விழாத வேலர்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து ஜவாஹிர் கடைக் கதவை அரைவாசி திறந்ததுமே கைத்தொலைபேசி அடித்தது. தெல்தோட்டையிலிருந்து நுஸ்ஹா, தம்பி அரூஸின் மகள். நம்பரைக் கண்டதும் அவருக்கு வாயெல்லாம் கசந்துபோயிற்று.

“பெரியப்பா, வாப்பாக்கு ரொம்ப ஏலாம ஈக்கி. கிட்னி ரெண்டும் சரியில்லண்டு டொக்டர் சென்னார். ஒங்களப் பாக்கணும்ண்டே செல்லிக்கிட்டு ஈக்கிறார். ஒருக்கா வந்துட்டுப் போங்களே.”

“நான் வந்து என்ன செய்ய, மகள்? மருந்த நேரத்துக்குக் குடுங்க. நான் துஆச் செய்யிறேன்.”

“முப்பத்தெட்டு வருசம், பெரியப்பா. இன்னுமா?”

“அவர்ட்ட கேளுங்க, அவர் செஞ்ச வேலைக்கு எத்தன வருசம் போதும்ண்டு.”

வைத்துவிட்டார்.

ஜவாஹிர் கெட்ட மனுசர் அல்ல. கண்டியில் அந்தத் தெருவில் கொப்பி, பேனை விற்கிற ஜவாஹிர் நானாவைப் பற்றி யாரை விசாரித்தாலும் தங்கமான மனுசர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் தம்பி பேச்சை எடுத்தால் போதும், ஆள் கல்லாகிவிடுவார். காரணம் இல்லாமலும் இல்லை.

வாலிப வயதில் அவருக்கு வலிப்பு இருந்தது. மாதத்தில் ஒரு தரம், சில மாதம் இரண்டு தரம். வந்தால் உம்மா ஓடிவந்து பெரிய இரும்புச் சாவியொன்றை அவர் கைக்குள் திணிப்பார். இரும்பு பட்டால் வலிப்பு அடங்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. டொக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். உம்மா டொக்டரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சாவி எப்போதும் ஜவாஹிரின் இடுப்பு வாரில் தொங்கும். யாராவது கேட்டால் கடைச் சாவி என்று சொல்லிவிடுவார்.

டொக்டரை விட்டால் விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். உம்மா, அரூஸ், பிறகு பாலேந்திரன். பாலேந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர்; அரசாங்கத்தில் நிலப்படம் கீறுகிற உத்தியோகமாகக் கண்டிக்கு வந்தவர். ஒருநாள் வாவிக்கரையில் இருவரும் நடந்துகொண்டிருந்தபோது ஜவாஹிர் விழுந்தார். கண் திறந்து பார்த்தால் தலை பாலேந்திரனின் மடியில் இருந்தது. “ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன்” என்று யாரும் கேட்காமலே பாலேந்திரன் சத்தியம் பண்ணினார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

எண்பத்தேழில் கெலிஓயாவில் கைரியா என்ற பெண்ணை ஜவாஹிருக்குப் பேசி முடித்தார்கள். பெண்ணை ஒரே ஒரு தரம்தான் பார்த்தார். அது போதுமாயிருந்தது, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துச் சாமான் கொடுத்தார். நிக்காஹ்வுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது பெண் வீட்டார் ஆள் அனுப்பினார்கள். வலிப்புக்காரனுக்குப் பிள்ளையைத் தர ஏலாது, எங்கள் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு காவல் நிற்கவா என்று கேட்டார்களாம். பாருங்கள், சாவிக் கதை வரைக்கும் போயிருந்தது.

யார் சொல்லியிருப்பார்கள்? உம்மா சொல்லமாட்டார். கூட்டாளி சத்தியம் பண்ணியவன். மிஞ்சியது தம்பி. அதுவும் அரூஸ் இரண்டு நாளைக்கு முன்னர்தான் இனிப்புத் தட்டோடு கெலிஓயாவுக்குப் போய், பகல் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். இதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்? அந்த வாரமே அரூஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெல்தோட்டைக்குப் போனான். அங்கேயே கடை வைத்தான், அங்கேயே கலியாணம் முடித்தான். உம்மாவின் ஜனாஸாவில்கூட இரண்டு பேரும் இரண்டு மூலையில் நின்றார்கள். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு மாத்திரையில் வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஜவாஹிர் கலியாணப் பேச்சுக்கு இடமே கொடுக்கவில்லை. கடையும் பாலேந்திரனும் போதும் என்று இருந்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை பின்னேரமென்றால் அம்பிட்டியப் பாதையில் இருக்கும் பாலேந்திரன் வீடுதான். மழையானாலும் வெயிலானாலும் தவறாது. அன்றைக்குப் பாலேந்திரனின் மகள் மதனி நேரத்தோடேயே தொலைபேசியில் பேசிவிட்டாள்.

“அங்கிள், இண்டைக்கு ரெண்டு மணிக்கே வாங்கோ. அப்பா பல்லுப் பிடுங்கப் போறார், வர நேரமாகும். உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு சாமான் வைச்சிருக்கிறன். அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

மதனி கணினி படிப்பிக்கிறவள். போய்ப் பார்த்தால், வரவேற்பறை மேசையில் அந்தப் பழைய பெட்டி. சின்னக் கறுப்புக் கணினி, ரப்பர் விசைகள். எண்பத்தைந்தில் இலண்டனிலிருந்து மச்சான்காரர் அனுப்பி, டிவியில் கொழுவிப் பார்த்துப் பாலேந்திரன் ராப்பகலாகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த சாமான். ஜவாஹிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது இன்னும் உசிரோடயா ஈக்கி?”

“ஓம் அங்கிள், ரெண்டு சாமான் மாத்தினன், எழும்பிட்டுது. அது பெரிசில்லை. இதைப் பாருங்கோ.” மதனி ஒரு ஒலிநாடாவை எடுத்து நீட்டினாள். முதுகில் பாலேந்திரனின் அச்சுப் போன்ற எழுத்து: வில்லங்கம் வேலர்.

வில்லங்கம் வேலரைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் இல்லை. ஞாயிறுப் பத்திரிகையில் வாராவாரம் நாலு கட்டத்தில் வந்த சித்திரக்கதை. வேலர் ஒல்லியாக, நெட்டையாக, கக்கத்தில் குடையோடு ஊர் வில்லங்கத்தையெல்லாம் விலைக்கு வாங்குகிற ஆள். வேலரைச் சுற்றி எல்லாரும் விழுவார்கள். பொலிஸ்காரர் வாழைப்பழத் தோலில் விழுவார், முதலாளி தெருவோரக் கானுக்குள் விழுவார், மாப்பிள்ளை மணவறையிலிருந்து விழுவார். வேலர் மட்டும் விழவே மாட்டார். அதுதான் அந்தக் கதையின் பகிடியே. ஜவாஹிர் ஒரு வாரமும் தவறாமல் அதை வெட்டித் தடித்த அட்டை போட்ட சீஆர் கொப்பியில் ஒட்டி வைத்திருந்தார். தரையில் எப்போது விழுவோம் என்று தெரியாத ஒரு வாலிபனுக்கு விழாத மனுசனை ஏன் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார்.

வேலரை வைத்து ஒரு கணினி விளையாட்டுச் செய்யப்போகிறேன் என்று பாலேந்திரன் வந்து நின்றபோது, அந்தக் கொப்பியை அப்படியே தூக்கிக் கொடுத்தவர் ஜவாஹிர். கூடவே கடையிலிருந்து ஒரு டசின் சதுரக்கோட்டுக் கொப்பியும். அந்தச் சதுரங்களைப் பென்சிலால் நிரப்பி நிரப்பித்தான் பாலேந்திரன் வேலரின் உருவத்தைப் புள்ளி புள்ளியாகக் கீறினார். விளையாட்டு முடிந்து நகர மண்டபத்தில் ஒரு கண்காட்சியிலும் வைத்தார்கள். ஜவாஹிரால்தான் போக முடியவில்லை. அந்தக் கிழமை கொழும்பில் கலியாணச் சாமான் எடுக்க அலைந்துகொண்டிருந்தார். திரும்பி வந்த பிறகு கலியாணம் குழம்பி, விளையாட்டைப் பார்க்கிற மனநிலை எங்கே இருந்தது? சில மாதம் கழித்துக் கேட்டபோது, “அது பூஞ்சணம் பிடிச்சுப் பழுதாப் போச்சு, மச்சான்” என்று சொல்லிவிட்டார் பாலேந்திரன்.

“ஒரு பூஞ்சணமும் இல்லை அங்கிள். அப்பாவின்ரை அலுமாரியிலை, அடியிலை கிடந்தது” என்றாள் மதனி.

நாடாவின் சத்தத்தை அவள் ஏற்கெனவே தன் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருந்தாள். வயரைக் கொழுவி ஓடவிட்டதும் கீச்கீச்சென்று காது கிழிகிற சத்தம். ஐந்து நிமிடத்தில் டிவியில் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வில்லங்கம் வேலர். கீழே: ஆக்கம், பாலா. அதற்கும் கீழே: கதை தந்து உதவியவர், என் உயிர் நண்பன் ஜவாஹிர்.

ஜவாஹிர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். முப்பத்தெட்டு வருடம் ஒருவரும் பார்க்காத இடத்தில் தன் பெயர் இருந்திருக்கிறது. “எனக்கிட்டச் செல்லவே இல்லையே இவன்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதனி விசைகளைக் காட்டிக்கொடுத்தாள். வேலர் குடையோடு நடந்தார். சந்தை, மணிக்கூட்டுக் கோபுரம், பஸ் நிலையம், ஆடு, நாய், கானுக்குள் விழுகிற முதலாளி, எல்லாம் கொப்பியில் இருந்தபடியே. ஜவாஹிர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். இரண்டாவது தெருவுக்கு வந்தபோது திரையின் ஓரம் சிவப்பாக மினுங்கியது. வேலர் நின்றார். நின்ற இடத்திலேயே விழுந்தார்.

“வேலர் விழமாட்டாரே” என்றார் ஜவாஹிர்.

“இதிலை விழுவார் அங்கிள். திடீர் திடீரெண்டு வரும். அந்த நேரம் கையிலை சாவி இருக்கவேணும், இருந்தா எழும்புவார். இல்லையெண்டா ஆள் முடிஞ்சுது. அங்கை பாருங்கோ, சாவிகள் கிடக்கு.”

ஜவாஹிர் சாவியைப் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த உருவத்தைப் பார்த்தார். பதினாறு புள்ளி உயரம் இருக்குமா? அதற்குள் வலது கை உள்ளே மடங்கியது, தலை இடது பக்கம் திரும்பியது, இடது கால் மட்டும் தரையில் அடித்தது. மடங்கியது, திரும்பியது, அடித்தது. தன் வலிப்பைத் தன் கண்ணால் கண்டவர் உலகத்தில் உண்டா? உம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரியும். முதலில் சோத்துக் கை மடங்கும் மகன், பிறகு தலை திரும்பும், பிறகு ஒரு கால் மட்டும் அடிக்கும் என்று உம்மா சொன்னது வரிக்கு வரி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. சந்தை நடுவே உடுப்பைக் கழற்றிவிட்ட மாதிரி இருந்தது.

மதனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பாட்டுக்குச் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு போனாள். “கண்காட்சியிலை எல்லாரும் இந்த விழுற இடத்தைத்தான் ரசிச்சவையாம். ஒரு கெலிஓயாப் பெடியன் நாள் முழுக்க இதிலேயே நிண்டு, ஏன் விழுறார், ஏன் சாவி எண்டு கேட்டுத் துளைச்செடுத்தவனாம். என்ரை சின்ன வயசிலை அப்பா எனக்குக் கதை கதையாச் சொல்லுவார். பஹீம் எண்டு பேர்கூட ஞாபகம்.”

பஹீம் கைரியாவின் தம்பி.

வாசலில் முச்சக்கரவண்டிச் சத்தம் கேட்டது. பாலேந்திரன் ஒரு கன்னம் வீங்கி, பல்லுக்குள் பஞ்சைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தார். டிவியைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

“ஆர் உதைப் போட்டது?” பஞ்சு வழியாக வார்த்தை கொழகொழத்து வந்தது.

“நான்தான் அப்பா. உங்கள் ரெண்டு பேருக்கும்...” என்று தொடங்கிய மதனி, ஜவாஹிரின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

“மச்சான், நான் விழுந்தத நீ எத்தன தரம் கண்டாய்?” என்று கேட்டார் ஜவாஹிர். குரல் ஏறவே இல்லை.

“ரெண்டு தரம்.”

“ரெண்டு தரத்தில வெரல் மடங்கிறது வரைக்கும் பாத்து வெச்சீக்கிறாய். நான் நெனச்சேன், நீ என்னப் புடிச்சிக்கிட்டு ஈந்தாய்ண்டு.”

பாலேந்திரன் கைக்குட்டையில் பஞ்சைத் துப்பினார். உதட்டோரம் இரத்தம். கதிரையில் உட்கார்ந்தார். மகளை உள்ளே போ என்று கையைக் காட்டினார், அவள் போகவில்லை.

“வேலர் விழாட்டி அதிலை விளையாட என்ன இருக்கு? பத்திரிகையிலை சரி, விழாத ஆளைப் பாத்துச் சிரிக்கலாம். கையிலை பிடிச்சு நடத்திற ஆள் விழத்தானே வேணும். எப்பிடி விழுத்துறதெண்டு ஒரு மாசம் யோசிச்சனான். எனக்கு வேறை ஒண்டும் வரேல்லை. ஆருக்கு விளங்கப்போகுதெண்டு நினைச்சன்.”

“பஹீமுக்கு விளங்கிச்சே.”

“அவன் கேட்டான். சுத்திவரச் சனம். என்ரை வேலையைப் பற்றி ஒருத்தரும் அப்பிடி ஆசையா ஒரு நாளும் கேட்டதில்லை. தலைகால் தெரியேல்லை எனக்கு. என்ரை சிநேகிதன் ஒருத்தனுக்கு உப்பிடி வாறது, சாவி குடுத்தா எழும்புவான் எண்டு சொல்லிப்போட்டன். சத்தியமா உன்ரை பேரைச் சொல்லேல்லை.”

“பேர நீ செல்லத் தேவல்ல. மொதல் படத்திலேயே போட்டு வெச்சீக்கிறாய். உயிர் நண்பன்ண்டு.”

இத்தனை வருடத்தில் அந்த ஒன்றைப் பாலேந்திரன் யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நல்ல கெட்டிக்காரர், போங்கள்.

ஜவாஹிர் எழும்பினார். “சரி. அது வாய் தவறினது. மனுசன்தானே. அத விடு. அரூஸ்தான் என்னக் காட்டிக்குடுத்தாண்டு வந்து ஒன்ட தோளில சாஞ்சு நான் அழுதேனே, அப்ப ஏன் நீ வாயத் தொறக்கல்ல?”

“சொல்லத்தான் நினைச்சன்.”

“எப்ப?”

“அண்டைக்கு. பிறகு அடுத்த கிழமை. பிறகு உன்ரை உம்மா மவுத்தான நேரம், நீங்கள் ரெண்டு பேரும் முகம் பாக்காமல் நிண்டதைக் கண்டு. நாள் போகப் போக ஏலாமப் போச்சு. சொன்னா நீ என்னட்டை வரமாட்டாய். இந்த ஊரிலை எனக்கும் உன்னை விட்டா ஆர் இருந்தது, மச்சான்?”

இதுதான் ஜவாஹிரை முறித்துப்போட்டது. விளையாட்டில் தன்னைப் போட்டதுகூடப் பரவாயில்லை, பஹீமிடம் உளறியதுகூடப் பரவாயில்லை. முப்பத்தெட்டு வருடச் சனிக்கிழமைகள் அத்தனையும் தம்பியிடமிருந்து பறித்துத் தனக்குக் கொடுக்கப்பட்டவை என்று நினைத்தபோது நெஞ்சு பற்றி எரிந்தது. இவன் ஊற்றிக் கொடுத்த ஒவ்வொரு தேத்தண்ணீரையும் அவர் நன்றியோடு குடித்திருக்கிறார்.

“நீ எனக்குச் செஞ்சத அல்லாஹ் பாத்துக்கொள்ளட்டும்” என்றார். செருப்பைப் போட்டார். மதனி வாசல் கேற் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். பாவம், அவள்மேல் என்ன பிழை? அவள் தலையில் கையை வைத்துவிட்டு நடந்தார். உள்ளே பாலேந்திரன் கதிரையை விட்டு எழும்பியதாகத் தெரியவில்லை.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் தெல்தோட்டை பஸ் புறப்படத் தயாராக நின்றது. வழி நெடுகப் பாலேந்திரனைத் திட்டிக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்த தேயிலைத் தோட்டத்து அம்மா இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஏங்க, ஒடம்புக்கு சொகமில்லையா?” என்று விசாரித்தார். “கூட்டாளி ஒருத்தன் மோசம் பண்ணிட்டான்” என்றார் ஜவாஹிர். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று உறைத்தது.

அரூஸின் வீட்டை அவர் கண்டதே இல்லை. கடைவீதியில் கேட்டுக் கேட்டுத்தான் போனார். கதவைத் திறந்த நுஸ்ஹா விலகி வழிவிட்டாள். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்ததும் வேறு யாரோ என்று நினைத்தார். கால் இரண்டும் வீங்கி, முகம் சுண்டி, தலையில் ஒரு மயிர் இல்லை. இருபத்துநாலு வயதுத் தம்பியை மனதில் வைத்துக்கொண்டே இத்தனை வருடம் கோபித்திருக்கிறார்.

“நானா” என்றான் அரூஸ்.

கதிரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் கொட்டினார். விளையாட்டு, வேலர் விழுந்தது, பஹீம், அலுமாரியின் அடியில் கிடந்த நாடா, எல்லாம். “கூடத் தின்டு கூடத் திரிஞ்சவன். சத்தியம் பண்ணினவன். எப்பிடி அவனுக்கு மனசு வந்திச்சு? இத்தன வருசம் ஒன்ட தலையில பழியப் போட்டுட்டு எனக்கு முன்னால இருந்து சிரிச்சீக்கிறான். இவனெல்லாம் ஒரு மனுசனா?”

அரூஸ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், “எனக்குத் தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“பாலேந்திரன்ட வாயாலதான் போயீக்கும்ண்டு. கெலிஓயாவுல பஹீம் கண்காட்சிக் கதைய என்னத் தோண்டித் தோண்டிக் கேட்டான். எனக்கு அப்பவே சந்தேகம். வந்து ஒங்களுக்குச் சென்னேனே.”

“எனக்கா? எப்ப சென்னாய்?”

“கெலிஓயா ஆள் வந்து செல்லிட்டுப் போன அண்டைக்கு, கடைக்குள்ள. அதுக்குத்தானே எனக்கு அறஞ்சீங்க.”

“நான் அறஞ்சது, நீ என்னக் காட்டிக்குடுத்தாய்ண்டு.”

“இல்ல நானா.” அரூஸ் மூச்சு எடுக்க நிறுத்தினான். நுஸ்ஹா தலையணையைத் தூக்கி வைத்தாள். “அதுக்கு நீங்க அழத்தான் செஞ்சீங்க. ஏன்டா செஞ்சாய், ஏன்டா செஞ்சாய்ண்டு அழுதீங்க. நான் இல்ல, பாலேந்திரனக் கேளுங்கண்டு சென்னேன். அப்பதான் கை நீட்டினீங்க. என் கூட்டாளிட பேர அந்த வாயால செல்லாதண்டு சென்னீங்க.”

ஜவாஹிர் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் பேனைப் பெட்டிகள் கீழே சிதறியதும், அரூஸ் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றதும், தான் சொன்ன அந்த வசனமும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முப்பத்தெட்டு வருடமாக அந்த அடி வேறு காரணத்துக்காக என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி அவர் நம்பியிருந்தார். பாலேந்திரன் மறைத்தது இருக்கட்டும். தம்பி அவர் முகத்துக்கு நேரே நின்று சொல்லியிருக்கிறான்.

“நானா, மாப்புக் கேக்க வந்தீங்களா, அவரக் குத்தம் செல்ல வந்தீங்களா?” என்று கேட்டான் அரூஸ். குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் ஜவாஹிருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் வந்த இரண்டு மணித்தியாலமும் பாலேந்திரனுக்கு என்னென்ன சொல்லித் திட்டினாரோ, அத்தனையும் இப்போது அவர் காதில் அவருக்கே கேட்டது.

அரூஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். “வாப்பா களைச்சிட்டார், பெரியப்பா. கடைசி பஸ் ஆறரைக்கு ஈக்கி” என்றாள் நுஸ்ஹா மெதுவாக. ஜவாஹிர் எழும்பவில்லை. கதிரையைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தம்பியின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.